எம்ப்ரஸா, ஜென்டிங் ட்ரீமா? குடும்பத்தோடு கப்பலில் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இரண்டு கப்பல்களில் குடும்பத்தோடு போய்வந்த பிறகு, சொந்தக்காரர்களும் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். ஒன்று, கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ். 2023இல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போனோம். இன்னொன்று, அப்போது ரிசார்ட்ஸ் வேர்ல்ட் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தின் ஜென்டிங் ட்ரீம். 2024 கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை போனோம். எங்கள் வீட்டில் ஐந்து பேர்: நான், கணவர், பன்னிரண்டு வயது மகன், ஆறு வயது மகள், முழங்கால் வலியோடு என் அம்மா. கீழே சொல்லும் அபிப்பிராயமெல்லாம் இந்த ஐந்து பேரை வைத்துத்தான்.

அளவில் அப்படி என்ன பெரிய வித்தியாசம்?

எம்ப்ரஸ் 48,563 டன், நீளம் 211 மீட்டர். ஜென்டிங் ட்ரீம் 150,695 டன், நீளம் 335 மீட்டர். இந்த டன் கப்பலின் எடை அல்ல. உள்ளே அடைபட்டிருக்கும் மொத்த இடத்தைக் கணக்குப் போட்டு வரும் எண். அதாவது பெரியதற்குள் சின்னது மூன்று தடவை அடங்கும்.

மீட்டர் கணக்கு மனதில் நிற்கவில்லை என்றால் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடும் எல்எச்பி வகை ரயில் பெட்டி ஒன்று சுமார் 24 மீட்டர். எம்ப்ரஸ் ஒன்பது பெட்டி நீளம்கூட முழுசாக இல்லை. ஜென்டிங் ட்ரீம் பதினான்கு பெட்டி. முதல் பெட்டியில் படுக்கை, கடைசிப் பெட்டியில் சாப்பாடு, நடுவில் பத்துப் பதினைந்து மாடி லிஃப்ட் வேறு. கண்ணாடியை அறையில் மறந்து வைத்துவிட்டு வந்தால் அன்றைக்கு நடைப்பயிற்சி முடிந்தது.

வயதும் வேறு. எம்ப்ரஸ் 1990இல் பிரான்சின் சாந்நசேர் கப்பல் தளத்தில் கட்டியது. நார்டிக் எம்ப்ரஸ், எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ் என்றெல்லாம் பெயர் மாறி, 2021இல் மும்பையிலிருந்து இந்தியப் பயணங்களைத் தொடங்கியது. ஜென்டிங் ட்ரீம் 2016இல் ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் கட்டியது. அதன் வெளிச்சுவரில் ஒரு கடற்கன்னியும் விண்வெளி வீரரும் காதலிக்கும் ஓவியம் இருக்கிறது. “கடலுக்குள்ள இருக்கிறவ எப்படி அங்கிளைப் பார்த்தா?” என்று மகள் கேட்ட கேள்விக்கு இன்னும் எங்களிடம் பதில் இல்லை.

பெரிய கப்பல் என்றால் கூட்டம் நெரியுமே?

எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். கணக்குப் போட்டால் தலைகீழாக வருகிறது. அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் எம்ப்ரஸில் சுமார் 1,600 பேர், ஜென்டிங் ட்ரீமில் 3,352 பேர். டன்னை ஆள் எண்ணிக்கையால் வகுத்தால் சின்னதில் தலைக்கு 30, பெரியதில் 45. அப்படியென்றால் பெரிய கப்பலில்தான் ஒரு ஆளுக்கு இடம் தாராளம்.

ஆனால் கூட்டம் என்பது சராசரி பார்த்து வருவதில்லை. ஏறும் நாள் மதியம், இறங்கும் நாள் காலை, துறைமுகத்தில் கரைக்குப் போகும் நேரம், நாடகம் முடிந்து அரங்கத்திலிருந்து எல்லோரும் எழும் நேரம் ஆகியவற்றில் 3,000 பேரும் ஒரே லிஃப்ட்டுக்குத்தான் நிற்பார்கள். சின்னக் கப்பலில் வரிசை கண்ணுக்குத் தெரிகிற நீளத்தில் முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, நீச்சல் குளத்தைச் சுற்றி எந்த நேரமும் ஆட்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். தப்பித்துப் போய் உட்கார வேறு மூலை அதிகமில்லை. எந்தக் கூட்டத்தை உங்களால் தாங்க முடியும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கப்பல் அதிகம் ஆடுமா? வாந்தி வருமா?

ஒரே கடலில் ஒரே அலையில் இரண்டையும் விட்டால் சின்னதுதான் அதிகம் ஆடும். நீளமான கப்பல் ஒரே சமயத்தில் பல அலைகளின் மேல் படுத்துக்கொள்ளும். குட்டையானது அலைக்குத் தகுந்தபடி மூக்கைத் தூக்கி இறக்கும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்க, தண்ணீருக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி வைத்திருப்பார்கள். ஆனாலும் ஆட்டம் அடியோடு நின்றுவிடாது.

ஆனால் இந்த இரண்டும் ஒரே கடலில் ஓடுவதில்லையே. அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஜென்டிங் ட்ரீம் போகும் மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலேசியா. வீட்டுக் கொல்லைக் குளம் மாதிரி, பெரிய அலை எழும்ப இடமே கிடையாது. விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் அடித்துவிட்டுப் போகும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெயில் வந்துவிடும். எம்ப்ரஸ் இலங்கைக்குப் போவது திறந்த வங்கக் கடலில். சின்னக் கப்பல், பெரிய கடல். இந்த ஜோடியைத்தான் நீங்கள் ஒப்பிட வேண்டும், வெறும் கப்பலை அல்ல.

சென்னை விளக்குகள் மறைந்து ஒரு மணி நேரத்தில் என் அம்மா சாப்பாட்டு மேசையில் தம்ளரையே உற்றுப் பார்த்தார். தம்ளருக்குள் தண்ணீர் மெதுவாக ஒரு பக்கம் ஏறி, நின்று, மறுபக்கம் இறங்கியது. “எனக்குச் சாப்பாடு வேண்டாம்மா” என்று எழுந்துவிட்டார். அன்று இரவு முழுவதும் படுக்கைதான். மறுநாள் காலை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில், அடிவானம் தெரிகிற ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தோம். பத்து மணிக்குத் தயிர்சாதம் கேட்டார். மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டால் வாந்தியோடு வெளியே வந்துவிடும். கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை, முக்கியமாகக் குழந்தைகளுக்கும் வேறு மருந்து சாப்பிடும் பெரியவர்களுக்கும், உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகை மாத்திரைகள் நன்றாகத் தூக்கமும் வரவைக்கும்.

பள்ளி விடுமுறைக்கு எது ஒத்துவரும்?

இதில் சென்னைக்காரர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போதுதான் எம்ப்ரஸ் மும்பையை விட்டுக் கிழக்குக் கரைக்கு வந்திருக்கிறது. 2022இலும் 2023இலும் சென்னைப் பயணங்கள் ஜூனில்தான் தொடங்கின. அதாவது பள்ளி திறக்கும் நேரம்! நாங்கள் லீவு போட்டுத்தான் போனோம். அக்டோபருக்குப் பிறகு வடகிழக்குப் பருவமழையும் புயலும் வங்கக் கடலில் ஆரம்பித்துவிடும். தீபாவளி, அரையாண்டு விடுமுறையில் இந்தப் பக்கம் கப்பல் கிடைத்தாலும் நான் போக மாட்டேன். சிங்கப்பூர்ப் பயணங்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் போனால் வெயில் இருக்கும், கடல் அமைதியாக இருக்கும், டிக்கெட் விலை மட்டும் கொந்தளிக்கும்.

வயதான அம்மா அப்பாவுக்கு எது நல்லது?

சின்னக் கப்பல். சந்தேகமே இல்லை, ஆடுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் அம்மா இரண்டாம் நாளே எம்ப்ரஸில் தனியாக நடமாட ஆரம்பித்துவிட்டார். படியேறினால் சாப்பாடு, இறங்கினால் அறை. அறையைச் சுத்தம் செய்யும் பையன் பெயர் தெரிந்துவிட்டது. பக்கத்து மேசையில் கும்பகோணத்துக்காரர்கள் இருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு அந்த அம்மாவும் இவரும் சேர்ந்து மேல் டெக்கில் காற்றுவாங்கிக்கொண்டு, இரண்டு குடும்பத்துக் கல்யாணக் கதையையும் பேசி முடித்துவிட்டார்கள்.

ஜென்டிங் ட்ரீமில் அதே அம்மா எங்களை விட்டு அசையவில்லை. நீளமான நடைபாதைகள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று பிடிபடவில்லை. ஒருநாள் சக்கர நாற்காலி கேட்டு வாங்கினோம். அதன் பிறகுதான் அவர் கப்பல் முழுவதையும் பார்த்தார். மூட்டுவலி உள்ளவர்களைப் பெரிய கப்பலில் கூட்டிப்போவதென்றால், டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலிக்குச் சொல்லுங்கள். லிஃப்ட்டுக்குப் பக்கத்து அறையாகக் கேளுங்கள். ஆனால் லிஃப்ட் வாசலிலேயே இருக்கும் அறை வேண்டாம், இரவெல்லாம் பேச்சுச் சத்தம்.

பிள்ளைகள்?

பெரிய கப்பல். இதிலும் சந்தேகமில்லை. ஜென்டிங் ட்ரீமில் ஆறு தண்ணீர்ச் சறுக்குகள், கயிற்றுப் பாலங்கள், அதிலிருந்து தொங்கிப் பறக்கும் ஜிப்லைன், பாறையேற்றச் சுவர், பவுலிங் எல்லாம் உண்டு. எங்கள் மகன் காலை உணவுக்குப் பிறகு காணாமல் போய், மாலையில் பசிக்கும்போது வந்தான். எம்ப்ரஸில் பாறையேற்றச் சுவர் இருக்கிறது, குளம் இருக்கிறது, குழந்தைகள் விளையாட அறை இருக்கிறது. ஆறு வயதுக்கு அது தாராளமாகப் போதும். பன்னிரண்டு வயதுக்கு இரண்டாம் நாள் மதியமே “போர் அடிக்குது”.

ஒன்று கவனியுங்கள். சறுக்கு, கயிற்றுப் பாலம் போன்றவற்றுக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கும். மகள் அளவுக் கம்பத்துக்கு முன்னால் நின்று, குதிகாலை உயர்த்தி, மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு விரல்கடை போதவில்லை. அண்ணன் மேலே இருந்து கையாட்டினான். அன்றைய சாயங்காலம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. சின்னக் குழந்தை மட்டும் உள்ள வீடு என்றால் பெரிய கப்பலின் விளம்பரப் படங்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் பாதி உங்களுக்கு இல்லை.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? சோறு, சாம்பார்?

எம்ப்ரஸில் இந்தியப் பயணிகள்தான் பெரும்பான்மை. சைவமும் ஜெயின் உணவும் தனியாகவே உண்டு. வடஇந்திய வாடை தூக்கல். இட்லி இருக்கும், அதை இட்லி என்று ஒத்துக்கொள்வது அவரவர் பெருந்தன்மை. ஜென்டிங் ட்ரீமில் லிடோ என்ற பஃபே உணவகத்தில் ஹலால் உணவும் இந்திய சைவ உணவும் தனிப் பகுதிகளாக வைத்திருக்கிறார்கள். கட்டணத்துக்குள் அடங்கும் உணவகம் எது, தனியாகக் காசு கொடுக்க வேண்டியது எது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைகூடச் சாப்பிடாதவர்கள் டிக்கெட் போடும்போதே எழுதிக்கொடுத்துவிட்டு, ஏறியதும் மேற்பார்வையாளரைத் தேடிப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்கள்.

அறை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எம்ப்ரஸ் கட்டிய காலத்தில் பால்கனி அறை என்பது பெரிய ஆடம்பரம். அதனால் மிகக் குறைவாகவே இருக்கின்றன, அறைகளும் சிறியவை. ஜென்டிங் ட்ரீமில் பால்கனி அறைகள்தான் அதிகம், நடுவில் கதவு வைத்த ஜோடி அறைகளும் உண்டு. ஐந்து பேர் என்றால் அந்த ஜோடி அறையைத்தான் முதலில் கேட்பேன். கதவைத் திறந்து வைத்தால் ஒரே வீடு, மூடினால் அம்மாவுக்கு நிம்மதி.

கப்பல் படத்தில் உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேறொரு கப்பலில், வேறொரு வருடம், விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு அறையைப் பிடித்தோம். மேலே நடன அரங்கம். இரவு இரண்டு மணி வரை கூரையிலிருந்து “தும் தும்”. அறை எண்ணைக் கப்பலே முடிவு செய்யும் என்ற மலிவு டிக்கெட்டில் இந்த ஆபத்து உண்டு. மேலும் கீழும் அறைகளே உள்ள தளம்தான் உத்தமம்.

செலவு எது குறைவு?

விளம்பரத்தில் வரும் தொகை, அறையில் இரண்டு பேர் என்ற கணக்கில் ஒரு ஆளுக்கு. அதன் மேல் துறைமுகக் கட்டணம், வரி, ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பணியாளர் சேவைக் கட்டணம் எல்லாம் வரும். மது, இன்டர்நெட், கரைச் சுற்றுலா தனி. மூன்றாவது, நான்காவது ஆளுக்குச் சலுகை இருக்கும். இவற்றையெல்லாம் கூட்டி, இரவுகளால் வகுத்து, அப்புறம் ஒப்பிடுங்கள்.

சிங்கப்பூருக்கு ஐந்து விமான டிக்கெட்டும் விசாவும் சேரும்போது எம்ப்ரஸ்தான் மலிவாகத் தெரியும். ஆனால் எப்படியும் சிங்கப்பூர் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அங்கே ஐந்து பேருக்கு ஹோட்டலும் மூன்று வேளைச் சாப்பாடும் என்ன ஆகும் என்று பாருங்கள்; அந்த மூன்று நாளைக் கப்பலில் கழிப்பது பெரிய ஊதாரித்தனமாகத் தோன்றாது.

பாஸ்போர்ட், விசா?

இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் போகும் பயணத்துக்கு அரசு அடையாள அட்டை போதும். இலங்கை என்றால் பாஸ்போர்ட் வேண்டும். சிங்கப்பூரில் கப்பல் ஏறித் திரும்பி வருவது இரண்டாவது நுழைவாகக் கணக்காகும். ஒரே ஒரு முறை நுழையும் விசாவோடு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாத அனுமதி கொடுத்தது. இப்படிப்பட்ட சலுகைகள் அடிக்கடி மாறுவதால், டிக்கெட் போடும் வாரத்தில் ஒருமுறை சரிபாருங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

கரையில் இறங்கினால் என்ன பார்க்கலாம்?

கப்பலின் அளவு இங்கேயும் பேசும். சின்னக் கப்பலுக்குச் சின்னத் துறைமுகம் திறக்கும். 2023இல் எம்ப்ரஸ் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று இடங்களுக்குப் போனது. திருகோணமலையில் கோணேசுவரம் மலைமேல் நின்று, கீழே கடலைப் பார்த்தபோது அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் வாந்தியெல்லாம் அவருக்கு அங்கே மறந்துபோனது.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிற்கும். இறங்கி நடந்தால் லிட்டில் இந்தியா. அந்தத் தண்ணீர் நமக்குப் புதிதில்லை. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா என்ற கப்பலும், பிறகு எம்.வி. சிதம்பரமும் ஆட்களை ஏற்றிக்கொண்டு இதே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடின. 1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் தீப்பிடித்த பிறகு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. தாத்தா தகரப் பெட்டியோடு போன வழியில் பேரன் தண்ணீர்ச் சறுக்கில் போகிறான்.

துறைமுகம் ரத்தாவதும் நடக்கும். 2022 ஜூனில் எம்ப்ரஸுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் திரும்பியது. வானிலையாலும் மாறலாம். ஒரு குறிப்பிட்ட ஊரைப் பார்ப்பதற்காக மட்டுமே கப்பலில் போகாதீர்கள்.

கைக்குழந்தை, கர்ப்பிணி?

பெரும்பாலான நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும், 24 வாரம் தாண்டிய கர்ப்பிணியையும் ஏற்றுவதில்லை. டயப்பர் போட்ட குழந்தையைப் பொதுக் குளத்தில் விட மாட்டார்கள்.

சூதாட்டமும் குடியுமாக இருக்குமா?

இரண்டிலும் கேசினோ உண்டு, மது உண்டு. கேசினோவுக்குள் பிள்ளைகளை விட மாட்டார்கள். பெரிய கப்பலில் அந்தப் பக்கமே போகாமல் மூன்று நாள் இருந்துவிடலாம். சின்னதில் எங்கே போனாலும் அதைக் கடந்துதான் போவீர்கள்.

எத்தனை இரவு?

இரண்டு இரவு என்றால் ஏறுவதற்கு ஒரு நாள், இறங்குவதற்கு ஒரு நாள். நடுவில் ஒரு நாள்தான் மிஞ்சும். பெரிய கப்பலில் வழி பிடிபடுவதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். அதற்குக் குறைந்தது மூன்று. எம்ப்ரஸில் இரண்டு இரவு போதும்; இலங்கை என்றால் நாலைந்து.

போன் வேலை செய்யுமா?

கரை மறைந்ததும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். கணவர் ஒரு இரவு மறந்தார். அந்த மாத பில்லை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம், பிற்காலத்தில் சண்டை போடுவதற்கு.

பெட்டியில் என்ன கொண்டுபோகக் கூடாது?

அயர்ன் பாக்ஸ், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டில் இரண்டையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். தீப்பிடிக்கும் என்ற பயம். வீட்டில் சமைத்த சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. பெயர் சொல்லாத ஒரு துறைமுகத்தில், பாதுகாப்பு ஸ்கேனர் திரையில் அம்மாவின் எவர்சில்வர் டப்பா கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. திறக்கச் சொன்னார்கள். புளியோதரை. பத்து நிமிடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, பின்னால் இருந்த வரிசை முணுமுணுக்க, நாங்கள் ஐந்து பேரும் ஓரமாக நின்று அதை அங்கேயே சாப்பிட்டு முடித்தோம். கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட்டுகளைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். நார்த்தங்காய் ஊறுகாயை அப்படி வாங்கி வையுங்கள். குமட்டலுக்கு அதைவிடக் கைகண்ட மருந்து எங்கள் அம்மாவுக்கு இதுவரை கிடைக்கவில்லை.